இரண்டு விளிம்புகள்

சாணைக்கல்லில் பொறி அடங்கியதும் அவர் ஸ்கேட்டிங் பூட்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, அலகின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நாணயம் துளி சாய்ந்திருந்தது. மறுபடி கல்லுக்குப் போனார்.

பாஸ்டன் ஸ்கேட்டிங் கிளப்பின் கதையைத் தேடிப் போன பயணம் அது. வழியில் இந்தச் சாணைக் கடையிலேயே பாதி நாள் நின்றுவிட்டேன். அலகின் அகலம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். நீளவாக்கில் நடுவே மெல்லிய பள்ளம். அதன் இரு கரைகள்தான் உள் விளிம்பும் வெளி விளிம்பும். ஸ்கேட்டர் ஓடுவது இந்த இரண்டில் ஏதோ ஒன்றின் மேல். ஒரு கரை மயிரிழை உயர்ந்தாலும் வளைவு கோணிவிடும். பள்ளம் ஆழமானால் பிடிமானம் கூடும், ஓட்டம் மட்டுப்படும். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். அலமாரியில் வரிசையாக இருந்த பூட்ஸ்களில் எது யாருடையது என்பதைச் சீட்டைப் பார்க்காமலே சொன்னார்.

1912-ல் தொடங்கிய கிளப் இது. 1938 முதல் சார்லஸ் ஆற்றங்கரையில் இருந்தது. 2020-ல் நார்வுட்டில் மூன்று பனித்தளங்கள் கொண்ட கட்டடத்துக்கு வந்தது. அங்கே பனியைச் செப்பனிடும் ஜாம்போனி வண்டியை ஓட்டுபவர் பனியின் பக்குவத்தைச் சொன்னார். ஹாக்கிக்குக் கெட்டிப் பனி. ஃபிகர் ஸ்கேட்டர்களுக்குச் சற்றே இளகியது. இல்லையென்றால் குதித்து இறங்கும்போது சில்லு தெறிக்கும். வண்டி மேற்பரப்பைச் சீவிவிட்டு வெந்நீரைப் பரப்புகிறது. வெந்நீர் அடிப்பனியை லேசாக உருக்கி அதோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

ஸ்கேட்டிங்கும் கையிலிருந்து கைக்குத்தான் போகிறது. இந்தக் கிளப்பின் மாரிபெல் வின்சன் ஓவன் ஒன்பது முறை அமெரிக்கச் சாம்பியன். பதினொரு வயதில் போலியோ கண்ட டென்லி ஆல்பிரைட் அவரிடம் கற்று, 1956 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். பின்னர் அறுவை மருத்துவரானார். 1961 பிப்ரவரி 15 அன்று, பிராக் உலகப் போட்டிக்குச் சென்ற அமெரிக்க அணியின் விமானம் பிரஸ்ஸல்ஸ் அருகே விழுந்தது. வின்சன் ஓவனும் அவருடைய இரு மகள்களும் அதில் இருந்தார்கள். விமானத்தில் இருந்த 72 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கற்றவர்களோடு கற்பித்தவர்களும் ஒரே நாளில் போய்விட்டார்கள். பதக்கத்தை இன்னொருவர் வெல்லலாம். பிழையைக் காணப் பழகிய அந்தக் கண்ணை எங்கே தேடுவது?

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் நடந்த விமான விபத்து அதே கிளப்பிலிருந்து ஆறு பேரைப் பறித்தது. இரண்டு இளம் ஸ்கேட்டர்கள், அவர்களின் தாய்மார், பயிற்சியாளர்களான ஷிஷ்கோவாவும் நவுமோவும். இவ்விருவரும் 1994-ல் ஜோடிப் பிரிவில் உலகச் சாம்பியன்கள். இதைச் சொல்லும்போது சாணைக்காரர் கல்லை நிறுத்திவிட்டார்.

மாலையில், புதிதாகச் சீவிய பனியில் ஒரு சிறுமி ஒற்றைக் காலில் வட்டம் போட்டாள். வட்டங்களும் எட்டு வடிவங்களும் வரைவது 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளில் இல்லை. ஆனாலும் விளிம்பைப் பழக்க அதை விட்டால் வேறு வழியில்லை என்றார் பயிற்சியாளர். விளிம்பில் சரியாக நின்றால் பனியில் ஒரு கோடு விழும். தடுமாறி நேராக நின்றால் இரண்டு.

அவர் குனிந்து, கையை முழங்காலில் ஊன்றி, வட்டத்தைச் சுற்றி நடந்தார். கால்வாசி தூரத்தில் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. விரலால் அந்த இடத்தைக் காட்டினார். சிறுமி தலையாட்டிவிட்டு மறுபடி கிளம்பினாள்.