நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேதி

2023 அக்டோபரில், மதுரை கே.கே. நகர் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, பன்னிரண்டு பேரின் பெயரை ஒரு எக்செல் தாளில் ஏற்றினேன். சென்னையிலிருந்து வந்த உத்தரவில் ஆள் பெயர் எதுவும் இல்லை. என் பிரிவின் சம்பளச் செலவு பதினைந்து சதவீதம் குறைய வேண்டும் என்று மட்டும் இருந்தது. யாரைக் குறைப்பது என்பதை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

சம்பளத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். உச்சியில் வந்து நின்றது, எனக்கு வேலை கற்றுத்தந்த அண்ணனின் பெயர்.

பத்தொன்பது வருடமாக ஒரே வாடிக்கையாளருக்கு உழைத்தவர். இங்கிலாந்திலுள்ள காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மெயின்பிரேமில் இரவு நேரத்தில் ஓடும் பேட்ச் வேலைகள் அவர் பொறுப்பு. கோபோலில் எழுதிய பழைய நிரல்கள். சில நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. 2009-ல் நான் சேர்ந்தபோது பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு நான் மேலாளரானேன். கூட்டங்களில் மட்டும் ‘சார்’ என்பார். வெளியே வந்தால் ‘தம்பி’தான்.

அவரை நீக்கக் காரணம் வேண்டுமே. ‘புதிய தொழில்நுட்பங்களில் ஆர்வம் குறைவு’ என்று எழுதி, ரேட்டிங்கை ஒரு படி இறக்கினேன். அது பொய். அதற்கு ஆறு மாதம் முன்புதான், “ரெண்டு வாரம் குடுங்க தம்பி. எந்த ஜாப் எதுக்கு, எதுல கை வைக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிர்றேன். பசங்களுக்கு ஆகும்” என்று கேட்டிருந்தார். வாடிக்கையாளர் அதற்குக் காசு தரமாட்டார் என்று நான் மறுத்தேன். அறிவைக் கொடுத்துவிட்டுப் போக நினைத்தவருக்குத்தான் ஆர்வமில்லை என்று எழுதினேன்.

நவம்பரில் போனார். அடுத்த காலாண்டில் என் பிரிவின் கணக்கு அழகாக இருந்தது. பாராட்டினார்கள்.

2024 பிப்ரவரி 29. இங்கிலாந்தில் இரவு, இங்கே விடிந்தால் மார்ச் 1. அதிகாலை நாலரைக்கு போன் அடித்தது. பாலிசி புதுப்பிக்கும் நோட்டீஸ் ஜாப் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டின் அதே தேதியைத் தேடிய நிரலுக்கு, 2025-ல் பிப்ரவரி 29 கிடைக்கவில்லை. நாலு வருடத்துக்கு ஒருமுறை அண்ணன் முதல் நாளே ஒரு அளவுருவை மாற்றி வைத்துவிடுவாராம். 2020-லும் வைத்திருக்கிறார். எங்களில் யாருக்கும் தெரியாது. பிரச்சினையே வராமல் பார்த்துக்கொள்பவரின் வேலை எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

இரண்டு மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டு அவரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். ஏன் என்னை அனுப்பினாய் என்று கேட்கவில்லை. “இன்னிக்கு லீப் டேட்ல தம்பி? சொல்றேன், எழுதிக்கங்க.” பதினொரு நிமிடத்தில் ஜாப் ஓடியது.

அதற்குள் பின்னால் வரிசையில் நின்ற வேலைகள் நேரம் தவறியிருந்தன. சரிசெய்ய மூன்று நாள் ஆயிற்று. அதைவிடப் பெரிய சேதம் மெதுவாக வந்தது. மீதியிருந்தவர்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருவர் தாங்களாகவே வேறிடம் போனார்கள். மற்றவர்கள் கூட்டங்களில் வாயைத் திறப்பதை விட்டார்கள். ‘இது சரிவராது சார்’ என்று சொல்ல ஒருவரும் இல்லாத பிரிவை நான் உருவாக்கியிருந்தேன்.

எங்கள் தெருவில் தொலைபேசி கேபிள் ஜாயின்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிஎஸ்என்எல்லில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 பேர் விருப்ப ஓய்வில் போனார்களே, அவர்களில் ஒருவர். ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப் பேர். எல்லாரும் ஐம்பது வயதைத் தொட்டவர்கள். வருமானத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போன நிறுவனம் அது. ஆளைக் குறைக்காமல் தீராது என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால், வண்டியூர் கண்மாய்ப் பக்கம் நடக்கும்போது அவர் வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா என்று கேபிள் ஜோடிகளின் நிறவரிசையை இன்றும் தட்டாமல் சொல்வதைக் கேட்டால், எந்தச் சாலைக்கடியில் எந்த ஜாயின்ட் என்பதெல்லாம் அன்று எத்தனை ஆயிரம் தலைகளோடு வெளியேறியிருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது.

1947-ன் தொழில் தகராறுச் சட்டத்தில் 25-ஜி என்றொரு பிரிவு இருந்தது. ஆட்குறைப்பு என்றால், அந்த வகைப் பணியில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். மாற்றினால் காரணத்தைப் பதிய வேண்டும். தொழிலாளியைக் காக்க வந்த விதிதான். தொழிலின் ஞாபகத்தையும் அது காத்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோதும், பெரும்பாலும் நடு, மேல் நிலையில் இருப்பவர்களே என்றுதான் சொன்னார்கள். செய்தியைப் படித்த அன்று, இந்நேரம் எத்தனை மேலாளர்கள் மாடி அறையில் உட்கார்ந்து சம்பளத்தை அடுக்கிக்கொண்டிருப்பார்களோ என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு எட்டு மாதம் கழித்துக் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. விசாரிக்க அந்த நிறுவனத்திலிருந்து என்னைத்தான் அழைத்தார்கள். இருபது நிமிடம் அவரைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. வைத்த பிறகு மடிக்கணினியைத் திறந்து, 2023-ல் நான் எழுதியதைத் திருத்தப் பார்த்தேன். அந்த ஆண்டின் மதிப்பீட்டுப் பக்கம் பூட்டியிருந்தது.