மறுபடி எப்போது பாடிப் போகலாம்?

மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். ஆடித் திருவிழாவை ஒட்டிக் கபடிப் போட்டி. செம்மண் களத்தின் ஓரத்தில் ஐஸ் பெட்டியும் கிரேப் பேண்டேஜுமாக உட்கார்ந்திருந்த பிசியோதெரபிஸ்ட்டின் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு அவர் அக்கா.

முதல் பாதி முடிவதற்குள் அக்காவுக்கு வேலை வந்துவிட்டது. பாடிப் போன பையனின் கணுக்காலைக் கார்னரில் நின்றவர் பிடித்து இழுக்க, பாதம் உள்பக்கமாக மடங்கி விழுந்தான். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் சுளுக்கு எடுத்துவிட ஓடி வந்தார். “கால்ல யாரும் கை வைக்காதீங்கண்ணே” என்று அவரைத் தடுத்துவிட்டு, அக்கா முதலில் தொட்டது அடிபடாத காலை. அவனுடைய கால் இயல்பில் எவ்வளவு வளையும், எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று தெரிந்தால்தானே மற்றதில் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்!

பிறகு கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் வரை விரலால் அழுத்திக்கொண்டே போனார். பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடியில் ஓர் அழுத்தம். உள்பக்க வளைவின் மேல் இன்னொன்று. எலும்பில் வலி இல்லை. “எந்திரிச்சு நாலு எட்டு வை தம்பி.” நொண்டிக்கொண்டே வைத்தான். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1990-களின் தொடக்கத்தில் வகுத்த விதிகள் இவை. இதில் தேறிவிட்டால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, எக்ஸ்ரேக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் ஆடுவதற்கு வேறு கணக்கு. அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிக்கச் சொன்னார். முடியவில்லை. அவனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது.

இரண்டாம் பாதியில் நடந்ததுதான் எனக்குப் பதற்றமாக இருந்தது. பிடிக்கப் பாய்ந்த ஒருவர் தலை, கூட ஆடியவரின் முட்டியில் மோதியது. உடனே எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். எழுந்தபோது ஒரு நொடி தள்ளாடியதை அக்கா கவனித்திருந்தார். வெளியே கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்: இது எந்த ஊரு? முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியா பாயின்ட் எடுத்தது யாரு? போன மேட்ச் யாரோட? ஜெயிச்சீங்களா? மூன்றாவது கேள்வியில் தடுமாறினார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன், அந்தத் தள்ளாட்டமே போதும் என்றார் அக்கா. மூளை குலுங்கியிருக்கும் என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. தலைவலி கூடினாலோ வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு நடை, மெல்லோட்டம், தனிப் பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். படிக்கு ஒரு நாளாவது வேண்டும். மருத்துவர் சம்மதித்த பிறகே பிடி ஆட்டம்.

“தலையில ரத்தமே வரலையேம்மா” என்று அணி மேலாளர் சண்டைக்கு வந்தார். கிரிக்கெட்டிலேயே தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்று சர்வதேச விதி வந்தது 2019-இல்தான். அடுத்த ஆண்டு கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதில் இறங்கிய சஹல் மூன்று விக்கெட் எடுத்ததும் எத்தனை விவாதம்! கபடியில் அந்த விவாதத்துக்கே இடமில்லை, மாற்று ஆட்கள் வெளியே தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா அசையவில்லை. அவரை அழைத்து வந்தது போட்டிக் குழு. எந்த அணியின் சம்பளத்திலும் அவர் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இப்படி ஒருவரிடம் ஒவ்வொரு போட்டியிலும் இருந்தாக வேண்டும். ஐஸ் பெட்டியைவிட அதுதான் முக்கியம்.

மறுநாள் காலை மதுரையில் அவருடைய கிளினிக்கில் வேறொரு பையன் காத்திருந்தான். போன வருடம் களத்தில் திரும்பும்போது முட்டிக்குள் ‘டொப்’ என்று சத்தம் கேட்டதாம். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீங்கிவிட்டது. அவ்வளவு வேகமாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது, ஏசிஎல் ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்று அர்த்தம். எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கமும் வலியும் போய்விட, மறுபடி களமிறங்கினான். முட்டி நழுவி, உள்ளிருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பும் கிழிந்தது. டிசம்பரில் அறுவை சிகிச்சை, இப்போது ஏழு மாதம். அடுத்த மாதம் மாவட்ட அணித் தேர்வு. அந்தச் சான்றிதழ் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு உதவும். அவன் அவசரம் எனக்குப் புரிந்தது.

தரையில் டேப் ஒட்டி, ஒற்றைக் காலில் அடுத்தடுத்து மூன்று தாவல். நல்ல காலில் 5.20 மீட்டர். மற்றதில் 4.35. அதாவது 84 சதவீதம்; குறைந்தது 90 வேண்டும். அந்த 90-ஐயும் அக்கா முழுசாக நம்புவதில்லை. மாதக்கணக்கில் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் கணக்கு ஏமாற்றும் என்றார். செல்போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினார். தரையில் ஊன்றும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறது. ஜவ்வு கிழிவதும் பெரும்பாலும் இந்தச் சாய்வில்தான்.

“வலி சுத்தமா இல்லக்கா” என்றான். உண்மையாகத்தான் இருக்கும். ஜவ்வுக்குப் பதிலாக வைத்துத் தைக்கும் தசைநாண் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகுதான் மெல்ல மெல்ல உறுதிப்படுகிறது. அது பலவீனமாக இருக்கும் காலத்தில் வலி எச்சரிக்காது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, களமிறங்குவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முட்டி மறுபடி அடிபடும் அபாயத்தை ஏறக்குறைய பாதியாக்குகிறது என்று 2016-இல் வெளியான நார்வே, அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அக்கா அதை எண்களாக அவனிடம் சொல்லவில்லை. “இன்னொரு தடவை கிழிஞ்சா எத்தனை வருஷம் போகும், நீயே யோசிச்சுப் பாரு” என்றார். அவன் தலை குனிந்தான்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: வாரம் மூன்று நாள் தொடைக்குப் பயிற்சி, யாரும் பிடிக்காமல் தனியாகப் பாடிப் பழகலாம், செப்டம்பர் கடைசியில் மறுபடி சோதனை. “செலக்‌ஷனுக்குச் சும்மா போய் நிக்கவாச்சும்...” என்று இழுத்தான். அக்கா பயிற்சியாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார், அவன் எதிரிலேயே. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர், “செப்டம்பர்ல பாஸ் பண்ணிட்டா மறுநாளே இறக்கலாமா மேடம்?” என்றார்.

“இல்ல சார். மொதல்ல பயிற்சியில பிடி வாங்கிப் பழகட்டும், சில வாரம். முட்டி வீங்கலைன்னா பாதி ஆட்டம். அதுக்கப்புறம் முழு மேட்ச்.”