இத்தாலிக்குப் போகும் வழி

செட்டியார்பட்டியில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும்; கடல் தெரியாது. அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடலின்மேல் ஒரு தனி மயக்கம் உண்டு. கடல் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் யாரும் வெளிப்படையாகச் சொல்லிவிட மாட்டார்கள். திருச்செந்தூருக்குப் போகிறோம் என்பார்கள். முருகனைக் கும்பிட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அலையில் நிற்பார்கள். சாமிக்குப் பாதி, கடலுக்குப் பாதி என்று பங்கு போட்டுக்கொள்ளும் பக்தி இது. முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

என் மனைவியின் மயக்கம் இன்னும் கொஞ்சம் தொலைவில் இருந்தது. ஜவுளிக்கடைக் காலண்டர் ஒன்றில் வெனிஸ் நகரத்தின் படம் வந்திருந்தது. வீட்டு வாசற்படியில் தண்ணீர், தெருவுக்குப் பதில் கால்வாய், வண்டிக்குப் பதில் படகு. காலண்டரில் தேதிகள் தீர்ந்து பல வருஷம் ஆகியும் அந்தப் படத்தைக் கிழிக்க அவள் சம்மதிக்கவில்லை. எங்கள் ஊரிலும் பக்கத்துத் தளவாய்புரத்திலும் நைட்டி தைக்கும் தொழில் வீட்டுக்கு வீடு உண்டு. அவளும் தைக்கிறவள். தையல் எந்திரத்துக்கு நேர் எதிரே அந்தப் படம். எத்தனை ஆயிரம் நைட்டிகள் வெனிஸ் நகரத்தின் கால்வாயைப் பார்த்துக்கொண்டே தைக்கப்பட்டன என்பது அவற்றை உடுத்தியவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. கூலியில் ஒரு பகுதியை அவள் தனியாகச் சேர்த்து வந்தாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. படம்தான் சுவரிலேயே இருந்ததே!

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து எங்கள் மகள் வந்தபோது ஒரு பிரயாணக் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். பத்துப் பகல், ஒன்பது இரவு. இத்தாலி, கிரீஸ், நடுவில் நான்கு தீவுகள். வெள்ளையடித்த வீடுகளும் நீலக் கடலுமாக ஒவ்வொரு பக்கமும் பளபளத்தது. சேர்த்த பணத்தோடு மகள் பாதி போட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று தெரிந்தது. வெனிஸ் நகரத்துக்குள் பகலில் வந்து போகும் பிரயாணிகள் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் கட்டவேண்டும் என்று 2024-இல் சட்டம் செய்துவிட்டார்களாம். ஓர் ஊருக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதை நினைத்து எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கம்பெனிக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கூட வயசானவங்க யாராவது உண்டா?"

உண்டு. என் அம்மாவுக்கு எண்பது வயது. முழங்கால் மடங்காது. "அவங்களை மட்டும் யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்களேன்" என்றார் அவர், வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொல்வதைப் போல.

என் மனைவி விளம்பரப் புத்தகத்தை மூடி வைத்தாள். "அத்தையை விட்டுட்டு நான் வரலை" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை. அவளுடைய விட்டுக்கொடுத்தல்கள் எல்லாமே இப்படித்தான், நாலு சொல்லில் முடிந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குத்தான் தொண்டையில் ஏதோ நிற்கும்.

மகள்தான் வழி சொன்னாள். "அம்மா, கடலும் தீவும்தானே வேணும்? நம்ம மாவட்டத்தைத் தாண்டினா அது ரெண்டும் இருக்கு. வேன்ல அப்பத்தாவும் வரலாம்." குழந்தைக்கு நிலா கிடைக்காதபோது கண்ணாடியில் நிலாவைக் காட்டுகிற வேலை இது என்று நான் மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால் தை மாதக் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு பெட்டி, புளிச்சாதம் ஒரு தூக்கு, அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி சகிதம் ஐந்து பேர் புறப்பட்டுவிட்டோம். ஐந்தாவது ஆள் என் எட்டு வயதுப் பேரன்.

தூத்துக்குடியை நெருங்கும்போது உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். "தாத்தா, ஸ்நோ!" என்று பேரன் கத்தினான். சிரித்தோம். ஆனால் அன்று மாலை பனிமய மாதா கோயிலுக்குள் நுழைந்தபோது சிரிப்பதற்கு அதைவிடப் பெரிய விஷயம் கிடைத்தது. பனியே விழாத தூத்துக்குடியில் மாதாவுக்கு ஏன் இந்தப் பெயர்? ரோமாபுரியில் கடும் கோடையான ஆகஸ்டு மாதத்தில் ஒரு குன்றின்மேல் பனி பெய்தது என்றும், அந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுந்தது என்றும் ஓர் ஐதிகம் உண்டு. அந்தப் பெயரும் ஆகஸ்டு 5-ஆம் தேதித் திருவிழாவும் கடல் கடந்து இந்த உப்புக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வெளியே வந்து மக்ரூன் வாங்கினோம். பெயர் ஐரோப்பாவினுடையது. அவர்கள் பாதாம் பருப்பில் செய்வதை நம்மவர்கள் முந்திரிப் பருப்பில் செய்து தங்கள் ஊர்ப் பண்டமாக்கிவிட்டார்கள். அம்மாவுக்குப் பல் இல்லாத குறையே தெரியவில்லை; வாயில் போட்டால் கரைகிறது.

மறுநாள் திருச்செந்தூர்ச் சாலையில் பழைய காயல் வந்தது. இன்று பார்த்தால் சின்ன ஊர். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய பெரிய துறைமுகம் இது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போன ஒருவரை உங்களுக்குத் தெரியும்: மார்க்கோ போலோ. அவர் சொன்ன காயல் இதுதான் என்று கால்டுவெல் போன்ற அறிஞர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கரையோரத்து முத்துக்குளிப்பைப் பற்றியும், பாண்டியர்கள் குதிரைக்காகக் கொட்டிக் கொடுத்த பணத்தைப் பற்றியும் அவர் வியந்து எழுதியிருக்கிறார். நான் வேனை நிறுத்தச் சொல்லி மனைவியிடம் கேட்டேன்: "மார்க்கோ போலோவுக்குச் சொந்த ஊர் எது தெரியுமா?"

"எது?"

"வெனிஸ்!"

அவள் உப்புக் காற்றில் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். முள்மரங்களும் இரண்டு ஆடுகளும் தெரிந்தன. "அவர் இங்கே வந்துட்டுப் போயிட்டார். நான்தான் இன்னும் அங்கே போகலை" என்றாள்.

எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

தாமிரபருணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் என் பங்குக்கு நான் வணங்கவேண்டிய கடன் ஒன்று இருந்தது. அச்செழுத்தை நம்பிப் பிழைப்பவன் நான். போர்த்துக்கீசியரான அன்றிக் அடிகளார் இந்தக் கரையில் தமிழ் கற்றார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்று அது, பதினாறே பக்கம். 1586-இல் அவருடைய 'அடியார் வரலாறு' இந்தப் புன்னைக்காயலிலேயே அச்சேறியது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "இங்கே எல்லாருக்கும் தெரியுமே, நீங்க இப்பத்தான் வாறீங்களா?" என்று கேட்டுவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சூரியன் சாய்கிற நேரத்தில் மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல் குன்று, உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், அடிவாரத்தில் சவேரியார் தங்கித் தவம் செய்ததாகச் சொல்லும் குகை. ஸ்பெயின் தேசத்து நவாராவில் பிறந்த அவர் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தார். கையில் ஒரு மணியை அடித்துத் தெருவில் பிள்ளைகளைக் கூப்பிட்டாராம். குன்றிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் திறந்த கடல், ஒரு பக்கம் அமைதியான கழி, நடுவே நெருக்கமான வீடுகள். மகள் விளம்பரப் புத்தகத்தை எடுத்துவந்திருந்தாள் போலும். ஒரு படத்தை விரித்துப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, கீழக்கரை வழியாக வடகிழக்கே போனோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே கரையை ஒட்டினாற்போல் 21 தீவுகள் உண்டு. 1986-இல் அவற்றைக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆனால் 21 என்பது ஏட்டுக் கணக்கு. இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று பெயர். கடல் அவற்றைச் சும்மா விழுங்கவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் சுற்றியிருந்த பவளப்பாறைகளை மனிதர்கள் பல காலம் வெட்டி எடுத்தார்கள். அலையின் வேகத்தை உடைத்துக் கரையைக் காத்த அரண் போயிற்று. பிறகு மணலும் போயிற்று. இப்போது பவளம் வெட்டத் தடை இருக்கிறது. தேய்ந்துவரும் தீவுகளுக்கு முன்னால் செயற்கைப் பாறைகளை இறக்கி அணை கட்டிப் பார்க்கிறார்கள். முத்துக்குளிப்பும் 1961-ஓடு நின்றுவிட்டது.

பாம்பனில் சாலைப் பாலத்தின்மேல் வேன் ஊர்ந்தது. கீழே 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம். அதன் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பி வழிவிடும். பேரன் கப்பல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டான். வரவில்லை. அம்மா மட்டும் பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு, "இதுமேலதான் போனோம்" என்றாள்.

யாரும் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் மனைவியும் மகளும் பேரனும் குருசடைத் தீவுக்குப் போனார்கள். அம்மாவால் படகில் ஏற முடியாது. நானும் அவளும் கரையில் இருந்தோம். 1897-இல் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் கரை இறங்கிய இடம் அது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு அம்மா தானாகப் பேச ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது அவள் அக்காவை மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அக்காவை வழியனுப்பக் குடும்பமே ராஜபாளையத்தில் ரயிலேறி, மதுரையில் வண்டி மாறி, தனுஷ்கோடி வரை போயிற்று. ரயில் கப்பல் துறைக்கே போய் நின்றது. "கப்பல் அசையறப்போ அக்கா கைக்குட்டையை ஆட்டினா. எல்லாரும் அதையே ஆட்டினாங்களா, அவ எதுன்னு எனக்குத் தெரியலைய்யா" என்றாள் அம்மா. அக்கா திரும்பி வரவில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் அங்கிருந்து வந்தன. அக்கா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். 1983 கலவரத்துக்குப் பிறகு அதுவும் இல்லை.

பெரியம்மா ஒருத்தி இலங்கையில் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அம்மா அவளை வழியனுப்பக் கடல்வரை போனாள் என்பது தெரியாது. பிரயாணம் என்று வந்தால் பேரனிடம்கூட "உனக்கு எங்கே போகணும்?" என்று கேட்கிறோம். எண்பது வயது ஆனவர்களை, எங்கே விட்டுவிட்டுப் போவது என்று மட்டும்தான் யோசிக்கிறோம்.

குருசடையிலிருந்து திரும்பியவர்களிடம் அம்மா சொன்ன கதையைச் சொன்னேன். மனைவி தான் பார்த்த பவளத்தையும் நட்சத்திர மீனையும் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "அப்ப நாளைக்குக் காலையில முதல் வேலையா அங்கே போகணும்" என்றாள்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் அதிலிருந்தவர்களோடு கடலுக்குப் போயிற்று. பவளக்கல்லில் கட்டிய தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் எலும்புகளும் மணலில் நிற்கின்றன. அம்மா கப்பல் துறை இருந்த இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. ஒரு பக்கம் சாதுவான பெண் கடல், மறு பக்கம் முரட்டு ஆண் கடல் என்று அந்த ஊரார் சொல்வார்கள். இரண்டும் கலக்கும் இடத்தில் நாற்காலியைப் போட்டோம்.

"தலைமன்னார் தெரியுமா இங்கேருந்து?"

"தெரியாது அப்பத்தா. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்" என்று மகள் கைப்பேசியில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். அம்மா அதைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற என் மனைவி முந்தானையைக் காற்றுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு என்னைக் கேட்டாள்:

"ஏங்க, அத்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க எத்தனை நாளாகும்?"

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. படகில் ஏற முடியாதவளைக் கப்பலில் ஏற்ற முடியுமா, விமானத்தில் போவதா என்று மகள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். பணம் தையல் எந்திரத்துப் பணம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "வெனிஸ் எங்கேயும் போயிடாது" என்பதுதான் அவள் பதில். அது சத்தியமா என்று எனக்குச் சந்தேகம். வெனிஸையும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்கிறார்கள். அதனால் அந்தப் பிரயாணத்தையும் நான் மறந்துவிடப் போவதில்லை. காயலையும் மணப்பாட்டையும் காட்டி இத்தாலிக் கணக்கைத் தீர்த்துவிட்டதாக நினைப்பது நியாயமல்ல. நம் கரை அழகுதான். ஆனால் ஓர் ஆசைக்கு இன்னோர் அழகு ஈடாகாது.

போன வாரம் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. பெயர், வயது எல்லாம் சரிபார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எண்பது வயசுல எங்கே பாட்டி கிளம்பிட்டீங்க?"

"எங்கக்கா வீட்டுக்கு" என்றாள் அம்மா. பிறகு அவர் ஏதாவது தப்பாக எழுதிக்கொள்வாரோ என்று பயந்தவளைப் போல, "அக்கா இருப்பாளோ மாட்டாளோ, வீடு இருக்கும்லய்யா" என்று சேர்த்துக்கொண்டாள்.