லெய்டன் நகரத்துப் பானை

நெதர்லாந்தின் லெய்டன் நகருக்கு ஓர் ஒக்டோபர் 3 ஆம் திகதி சென்றிருந்தேன். தங்கிய வீட்டு அம்மா கரட், வெங்காயம், உருளைக்கிழங்கை ஒன்றாக அவித்து மசித்துக்கொண்டிருந்தார். பெயர் ‘ஹுட்ஸ்பொட்’. நானும் கைகொடுத்தேன்.

1574 இல் ஸ்பானியப் படை இந்நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தது. பட்டினியாலும் கொள்ளைநோயாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அணைக்கட்டுகளை வெட்டி வெள்ளத்தைப் பாயவிட்டதும் படை பின்வாங்கியது. அது விட்டுச்சென்ற பானையில் கிடைத்த உணவே இது என்பது கதை. உருளைக்கிழங்கு பிற்காலத்தில் சேர்ந்தது. மீட்க வந்தோர் கொடுத்த ஹெரிங் மீனும் வெள்ளைப் பாணும் இன்றும் அந்நாளில் வழங்கப்படுகின்றன.

பட்ட பசியை அவர்கள் மறைக்கவில்லை; சமைத்துக் கொடுத்தே பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

ஊர் திரும்பியதும், 2009 இல் நாங்கள் குடித்த கஞ்சியை மகளுக்குக் காய்ச்சிக் கொடுத்தேன். “ஏனம்மா இதில் உப்பு மட்டும்?” என்றாள். முதன்முறையாகச் சொல்லத் தொடங்கினேன். சகோதரிகளே, நீங்களும் சொல்லுங்கள்.