அப்பாவின் கண்ணும் மோட்டார் விளக்கும்

என் தகப்பனாருக்குக் கண் மங்கிவிட்டது என்று எங்கள் வீட்டில் இரண்டு வருஷ காலம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவரும் நம்பினார். வாஸ்தவத்தில் மங்கிப் போயிருந்தது அவருடைய 1971-ம் வருஷத்து அம்பாஸடர் வண்டியின் டாஷ்போர்டு விளக்கு. அதை மங்கச் செய்த புண்ணியவான் அடியேன்தான்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்துவிட்டாலோ, அதே மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று சாதிக்கும். எட்டயபுரத்தில் என் அத்தை தனியாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு அக்காளைப் பார்க்கப் போவார். இராத்திரி அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். இந்த வழக்கம் முப்பது வருஷமாகத் தவறியதில்லை.

திடீரென்று ஒரு நாள் நிறுத்திவிட்டார். "இருட்டினால் மீட்டர் தெரியவில்லை; பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. எழுபத்தாறு வயசாகிறது. இனிமேல் விளக்கு வைத்த பிறகு வண்டியைத் தொடப்போவதில்லை" என்றார். நான் மதுரையில் உத்தியோகம் பார்ப்பவன். மாதம் ஒரு முறை ஊருக்கு வருகிறவன். அப்பா சொன்னதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட உண்டாயிற்று. வயதானவர் இரவில் வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லதுதானே? அத்தை வெள்ளிக்கிழமைகளில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு நானே அந்த வண்டியை ஓட்டும்படி நேர்ந்தது. எனக்கும் மீட்டர் தெரியவில்லை! என் கண்ணும் போய்விட்டதோ என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். சாலையில் ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தது. உடனே மீட்டருக்குள் பளிச்சென்று வெளிச்சம். அடுத்த கணமே பழைய மங்கல். பள்ளத்தில் விழுந்தால் பார்வை திரும்பும் கண் வியாதி உலகத்தில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மறு வாரம் ஒரு வாலிப மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் பல்புகளை மாற்றினார். பிறகு ஸ்விச்சை மாற்றினார். அதற்கும் மசியாமற் போகவே, பாட்டரியிலிருந்து நேராக ஒரு புது ஒயர் இழுத்துவிடலாம் என்றார். நல்ல வேளையாக அப்பா தடுத்தார். அந்தக் காலத்து ஆங்கிலேய அமைப்பில் வண்டிக்கு மொத்தம் இரண்டே பியூஸ்கள் இருப்பது வழக்கம். விளக்குகளின் பாதைக்குப் பெரும்பாலும் பியூஸ் கிடையாது. அங்கே ஓர் ஒயர் தோலுரிந்து இரும்பில் உரசினால், அது அடுப்புக் கம்பி போல் பழுத்துவிடும். கூடவே உள்ள ஒயர்களும் கருகும். தீப்பெட்டிக்குப் பேர் போன ஊரில் வண்டியும் தீப்பெட்டியாக வேண்டுமா?

கடைசியில், தொழிலை விட்டு வீட்டோடு இருந்த ஒரு பழைய எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியை அழைத்து வந்தோம். அவர் கொண்டுவந்த கருவி ஒரு சிறு பல்பும் அதில் சேர்த்த இரண்டு ஒயர்களுந்தான். வந்தவர் எதையும் கழற்றவில்லை. சாவியைத் திருப்பிப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். பிறகு விளக்கு ஸ்விச்சை இழுத்தார். முன்புறத்துச் சின்ன விளக்குகள் நன்றாக எரிந்தன. பெட்ரோல் முள் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது.

"பாத்தியளா தம்பி? விளக்கைப் போட்டா பெட்ரோல் எப்படிக் கூடும், குறையும்?" என்றார்.

பிறகுதான் டாஷ்போர்டின் பின்னால் கையை விட்டார். சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் மீட்டர் விளக்குக்குப் போவது, கறுப்பு, எர்த்து. லூகாஸ் கம்பெனியாரின் இந்த வர்ண இலக்கணம் அவருக்கு மனப்பாடம். மீட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு உருவினார். தம்முடைய பல்பின் ஓர் ஒயரை வண்டியின் உடம்பிலும் மற்றொன்றை ஹோல்டருக்கு வரும் மின்சாரத்திலும் வைத்தார். பிரகாசமாக எரிந்தது. உடம்பில் வைத்த ஒயரை எடுத்து மீட்டரின் தகரக் கூட்டில் வைத்தார். மினுக்கட்டாம்பூச்சி போல் ஆகிவிட்டது.

"மின்சாரம் வருது. திரும்பிப் போக வழி இல்ல. வண்டிக்கு மண்ணு ஒட்டல தம்பி!"

கரிசல் மண் ஒட்டாத வஸ்து எங்கள் ஊரில் ஒன்று உண்டா என்று நான் விழித்தேன். அவர் 'மண்' என்றது எர்த்தை. மோட்டாரில் ஒவ்வொரு விளக்குக்கும் போக ஓர் ஒயர், வர ஓர் ஒயர் என்று வைப்பதில்லை. போவதற்குத்தான் ஒயர்; திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே பாதை. மீட்டர் கூடு அந்த உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாவிட்டால், வந்த மின்சாரம் வேறு சந்து பொந்துகளில் புகுந்து திரும்பப் பார்க்கும். எங்கள் வண்டியில் ஸ்பீடாமீட்டர் கேபிளின் இரும்புச் சட்டை வழியாக அரைகுறையாகப் போய்க்கொண்டிருந்ததாம். பள்ளத்தில் குலுங்கினால் கூடு எங்கேயோ ஒரு கணம் நன்றாகத் தொடும், பளிச்சென்று எரியும்.

பாட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணாச்சி மீட்டரை வெளியே எடுத்தார். திருகாணி உட்காரும் இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இங்க யாரு பெயிண்டு அடிச்சது?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அப்பாவின் எழுபத்து நான்காவது பிறந்த நாளுக்கு அவரை மகிழ்விக்க எண்ணி, டாஷ்போர்டைப் புதுசு போல் ஆக்குகிறேன் என்று மீட்டரை எடுத்துவிட்டு இரண்டு கை வர்ணம் அடித்தவன் நான்தான். வர்ணத்தின் வழியே மின்சாரம் போகாது. திருகாணிகளின் மரை மட்டும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்திருக்கிறது. அதிலும் கரிசல் புழுதியும் துருவும் ஏற ஏற, விளக்கு மெள்ள மெள்ளக் குறைந்திருக்கிறது. ஒரே நாளில் அணைந்திருந்தால் அப்பா விளக்கைச் சந்தேகித்திருப்பார். சிறுகச் சிறுக மங்கவே, தம்மைச் சந்தேகித்துவிட்டார்.

லூகாஸ் சாமான்கள் பொருத்திய வண்டி வைத்திருப்பவர்கள் அந்த மகானுக்கு 'இருட்டின் இளவரசர்' என்று சீமையில் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு மட்டில் அந்தப் பட்டம் எனக்கே சேர வேண்டியது.

அண்ணாச்சி உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். அதோடு நிற்காமல், கூட்டிலிருந்து உடம்புக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயரைத் திருகி, துருப் பிடிக்காமல் வாஸ்லைன் தடவினார். பாட்டரியை மாட்டி ஸ்விச்சை இழுத்ததும் எல்லா மீட்டர்களும் தெரிந்தன. அவர் கூலியாகக் கேட்டது நான் மெக்கானிக்குக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

அன்றிரவு அப்பாவிடம் வர்ணத்தைப் பற்றிச் சொன்னேன். வெகு நேரம் பேசாமலிருந்தார். "ஏலே, ரெண்டு வருஷம் அக்கா காத்துக் கிடந்திருக்காளே" என்று மாத்திரம் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாயிருந்திருக்கும்.

இருந்தாலும் கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று திருநெல்வேலி அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அதைச் சேர்ந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் வித்திட்ட டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்துக்காரர். 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியவர். எங்கள் கரிசல் காட்டுக்காரர் என்ற உரிமையில் அப்பா அங்கே தவிர வேறெங்கும் கண்ணைக் காட்டச் சம்மதிக்கவில்லை. இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது, ஆபரேஷனுக்கு இன்னும் அவசரமில்லை என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அவரோடு எட்டயபுரம் போனேன். இருட்டியபின் திரும்பும்போது அப்பாதான் ஓட்டினார். பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு வாசி, பார்ப்போம்" என்றார்.

நான் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே ஐந்து இலக்கங்களையும் கடகடவென்று வாசித்துவிட்டார்.