சங்கிலி மாட்டும் அம்மா

எங்கள் ஊர் பைபாஸில் ஒரு பஞ்சர் கடை உண்டு. அந்தக் கடைக்குச் சற்று முன்னால்தான் எல்லா வண்டியிலும் ஆணி ஏறும். கலிஃபோர்னியாவில் டானர் கணவாய்க்கு ஏறும் ஐ-80 நெடுஞ்சாலையில், ‘சங்கிலி கட்டாயம்’ என்ற பலகையை ஒட்டி மஞ்சள் மழைக்கோட்டில் ஓர் உருவம் நின்றதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வந்தது.

அத்தானுடையது முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கார். பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டும் சங்கிலி டிக்கியில் பையோடு இருந்தது, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காமல். அன்று ஆர்-2 என்ற சங்கிலி விதி அமலில் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, நாலிலும் பனிக்கேற்ற டயர் இருந்தால் அப்படியே ஏறலாம். ஆனால் சங்கிலி கையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் மாட்டிக்கொண்டுதான் போகணும். ஆர்-3 என்றால் யாருக்கும் விலக்கில்லை. அந்த நிலை வருவதற்குள் பெரும்பாலும் சாலையையே மூடிவிடுவார்களாம்.

“நாமளே மாட்டிருவோம் மாப்ள” என்று அத்தான் இறங்கினார். விளக்கத்தாள் சேற்றுப்பனியில் விழுந்து கூழானது. கண்ணாடியை இறக்கி அக்கா, “அந்த ஆளைக் கூப்பிடுங்களேன்” என்றாள். மாட்டிவிட நாற்பது டாலராம். “இருபதுக்கு வருவானான்னு கேளு” என்று அத்தான் என்னை அனுப்பினார்.

தொப்பியை விலக்கினால் உள்ளே நரைத்த தலை. அறுபதைத் தொட்ட அம்மா. பேரம் படியவில்லை. சங்கிலி விற்கவோ வாடகைக்கு விடவோ தனக்கு அனுமதி கிடையாது, மாட்டிவிட மட்டும்தான் என்று நெஞ்சில் தொங்கிய எண் அட்டையைக் காட்டினார். மேலே பெய்கிற பனியையும் அவர் கொட்டியிருக்க வழியில்லை. என் சந்தேகம் போய்விட்டது, அத்தானுக்குச் சங்கடம் வந்துவிட்டது. “அவங்க தரையில படுப்பாங்க, நான் நின்னு வேடிக்கை பாக்கவா?”

அவர் அதற்குள் படுத்துவிட்டார். டயரின் பக்கவாட்டில் இருந்த அளவைப் பையோடு ஒப்பிட்டார். சிக்கலை உதறிச் சங்கிலியைச் சக்கரத்தின் மேல் போர்த்தினார். உட்பக்கக் கொக்கி கண்ணுக்குத் தெரியாது; கையுறையைக் கழற்றிவிட்டு, சிவந்த விரல்களால் தடவியே மாட்டினார். வெளிப்பக்கத்தை இழுத்துப் பூட்டி, காரைக் கொஞ்சம் முன்னே உருட்டச் சொல்லி, தொங்கிய தளர்வை மறுபடி இறுக்கினார். அடுத்த சக்கரம். அத்தான் குடை பிடித்தார்.

எழுந்ததும் பின்டயரை நகத்தால் சுண்டிப் பார்த்தார். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். பனி டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியிருக்கும், பனியைக் கவ்வ மயிரிழை வெட்டுகளும் உண்டு என்றார். வாங்கும்போது மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் பொறித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எங்களைக் கடந்து பெரிய வண்டிகள் சீறிப் போயின. அத்தான் அவற்றை ஏக்கத்தோடு பார்ப்பதைக் கவனித்திருப்பார் போல. “நாலு சக்கர இழுப்பு கிளம்பத்தான் உதவும். பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான்” என்று சிரித்தார். பணம் கொடுக்கும்போது அத்தான் மேலே ஐந்து டாலர் சேர்த்துக் கொடுத்தார். பேரம் பேசச் சொன்ன அதே அத்தான்!

அதன்பிறகு மணிக்கு 30 மைல், தடதடவென்று. பல் ஆடியது. கணவாய்க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான்தான் ஆரம்பித்தேன். 1846இல் மேற்கே குடியேறக் கிளம்பிய டானர் குழு இங்கே பனியில் மாட்டிக்கொண்டது; ஏறக்குறைய பாதிப்பேர் மாண்டார்கள், மிஞ்சியவர்களில் சிலர் செத்தவர்களைத் தின்று பிழைத்தார்கள் என்றேன்.

“புளியோதரை இருக்குடா, பேசாம வா” என்றாள் அக்கா.

கணவாய் தாண்டி டிரக்கி ஊரை நெருங்கியதும் சாலை கருப்பாகத் தெரிந்தது. வெறும் தாரில் ஓட்டினால் சங்கிலி அறுந்துவிடும், கழற்றியாக வேண்டும். ஓரத்தில் இன்னொரு மஞ்சள் மழைக்கோட்டு. “கழட்டக்கூடவா தெரியாது?” என்று அத்தான் முழங்காலிட்டார். நான் செல்போன் வெளிச்சம் காட்டினேன். உட்கொக்கி அகப்படவே இல்லை. கண்ணாடி இறங்கியது.

“கழட்ட எவ்வளவுன்னு கேட்டுட்டு வாடா.”