வீடு பார்க்கப் போனோம்

தென்காசியிலிருந்து வடக்கே, மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு சென்றால், வயலும் தென்னையும் சூழ அச்சன்புதூர் வரும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் இவ்வூர்க் காற்றும் ஈரமாகிவிடும். அப்படியொரு மாலையில், நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். மூத்த பெண்ணுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி மண்டலத்தில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு சென்னைக்குக் குடிபெயர்வது என்று முடிவாயிற்று. "சாமி, எங்களுக்கு அந்த ஊர் தெரியாது. வீடு பார்க்க நீங்களும் கூட வரணும்" என்றார் தகப்பனார். முன்பு சில ஆண்டுகள் சென்னையில் இருந்தவர்கள் என்பதால் நமக்கு இந்தப் பெருமை!

பொதிகை விரைவு வண்டியில் மூவருமாகச் சென்று, விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கினோம்.

தரகர் முதலில் காட்டிய வீடு முடிச்சூர்ப் பக்கம் ஒரு புதிய மனைப்பிரிவில் இருந்தது. அகலமான தெரு, உயர்ந்த மதில்கள், ஒவ்வொரு வாயிலிலும் ஒரு காமிரா. கடை இல்லை, கூச்சல் இல்லை. "எவ்வளவு அமைதி! பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதுவல்லவா தகுந்த இடம்" என்று நாமே சொன்னோம். சொன்னதை மாலைக்குள் திரும்பப் பெற நேர்ந்தது.

தகப்பனார் வீட்டுக்குள் நுழையவே இல்லை. தெருக்கோடிவரை நடந்து, எந்தப் பக்கம் சரிவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேக்கரையில் அடவிநயினார் அணை நிரம்பினால் அனுமன் நதியில் என்ன வரும் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றதை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. மழை பெய்வது ஓரிடம், தண்ணீர் வந்து சேர்வது வேறிடம் என்பது மலையடிவாரத்தாருக்குப் பாடம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அங்கே வீட்டுவேலைக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவரிடம், "ஆச்சி, 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டார். அந்த அம்மையார் தம் கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன, அடையாறு கரை புரண்டது, முடிச்சூர் தீவாயிற்று. மதில்களுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஆனால் பழைய மின்மாற்றித் தூணில் நீர்க்கறை அப்படியே இருந்தது. தரகர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாமும் அவரைக் குறை கூறவில்லை, அவர் பிழைப்பு அது.

சென்னையில் பெயர்களையும் படிக்கத் தெரியவேண்டும். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உண்டு. அங்கு நின்று பார்த்தால் ஏரி தெரியாது. அந்த நெடிய ஏரியின் நிலத்தில்தான் 1920-களில் தியாகராய நகர் எழத் தொடங்கிற்று. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. ஏரி, தாங்கல், கரணை என்று முடியும் பெயரைக் கேட்டால் ஒரு கேள்வி அதிகம் கேட்பதில் தவறில்லை.

இரவு பத்து மணிக்கு அதே தெருவுக்கு மீண்டும் சென்றோம். பெண்ணுக்கு வேலை முடிந்து திரும்பும் நேரம் அதுவாகத்தான் இருக்கும். பகலில் நாம் மெச்சிய அமைதி அப்போது வேறு முகம் காட்டியது. இரண்டு விளக்குகளுக்கு ஒன்று எரியவில்லை. மதில்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கூப்பிட்டால் கேட்கும் காது ஒன்றுமில்லை. காமிரா நடந்ததைக் காட்டும், ஓடி வராது.

அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி, நியூயார்க்கில் தாம் குடியிருந்த தெருவைக் கூர்ந்து பார்த்து 1961-இல் ஒரு நூல் வெளியிட்டார். தெருவைக் காப்பவர்கள் முதலில் காவலர்கள் அல்லர், அங்கு வாழ்கிறவர்களும் கடைக்காரர்களும்தாம் என்பது அவர் துணிபு. வீட்டுச் சாவியைத் தெருக்கடையில் கொடுத்துவிட்டுச் செல்லும் வழக்கத்தை அவர் வியந்து எழுதுகிறார். அச்சன்புதூரில் இதற்கு நூல் எழுதவேண்டிய தேவை எழவில்லை, பக்கத்து வீட்டு அக்காள் இருக்கிறார்!

மறுநாள் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பழைய தெருவைப் பார்த்தோம். மாடியில் இரண்டு சிறிய அறைகள். கீழே தேநீர்க் கடை, மருந்துக் கடை, இஸ்திரி வண்டி, ஓயாத இரைச்சல். படிக்கட்டு குறுகல், அதன் அடியில், மின்பெட்டியை ஒட்டி இரண்டு மோட்டார் சைக்கிள்கள். தீப்பிடித்தால் இறங்க வேறு வழியில்லை. அவற்றை அப்புறப்படுத்தினால்தான் முன்பணம் என்று தகப்பனார் கண்டிப்பாகச் சொன்னார். வீட்டுக்காரர் முணுமுணுத்தார், ஆனாலும் செய்தார்.

இரவில் இங்கும் சென்றோம். தகப்பனாரும் நாமும் விளக்குகளை எண்ணினோம். காவல் நிலையம் எவ்வளவு தொலைவு என்று விசாரித்தோம். அப்போதுதான் அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "சாமி, நீங்க ரெண்டு பேரும் கூட வந்தா எந்தத் தெருவும் பயமா இருக்காது. நான் தனியா முன்னால நடக்கிறேன்." நமக்குச் சுரீர் என்றது. டெல்லியில் 2013-இல் தொடங்கிய 'சேஃப்டிபின்' என்ற செயலி, ஒரு தெருவை ஒன்பது கூறுகளால் அளக்கிறது. வெளிச்சம், நடைபாதை, பேருந்து வசதி இவற்றோடு, அங்கு பெண்களின் நடமாட்டம் எவ்வளவு என்பதும் ஒரு கூறு. அங்கு நிற்பவரின் மனத்தில் எழும் உணர்வும் ஒரு கூறு. அந்த உணர்வை அவளுக்காக நாம் அளந்துவிட முடியுமோ?

அவள் முன்னே நடந்தாள். நாங்கள் நாற்பது அடி பின்னால் நின்றுவிட்டோம். ரயிலிலிருந்து இறங்கிய பெண்கள் நான்கைந்து பேர் அவளைக் கடந்து போனார்கள். இஸ்திரி போடும் அம்மாள் தலை நிமிர்ந்து, "யாரைத் தேடுறே பாப்பா?" என்று கேட்டார். மருந்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். அவள் திரும்பி வந்து, "இங்கேயே பார்க்கலாம்ப்பா" என்றாள்.

குடிபோய் நான்கு மாதங்கள் ஆகின்றன. இரைச்சலில் தூக்கமில்லை என்று தாயார் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார். சென்ற வாரம் தகப்பனார் தொலைபேசியில் பேசினார். ஒருநாள் மழையில் ரயில் தாமதமாகிப் பெண் வீடு சேர இரவு பதினொன்றரை ஆகிவிட்டதாம். இவர் குடையோடு கீழே இறங்கியபோது, இஸ்திரி வண்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். "பாப்பா இன்னும் வரலையே அண்ணாச்சி, அதான் மூடலை" என்றாராம் அந்த அம்மாள்.